கருவறையும் நீதிமன்றமும்

அறுகம்பேயின் வளைகுடாவிலிருந்து வடக்கு நோக்கிக் கடற்கரை வழியே செல்பவர் பொத்துவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது எனப் பல ஊர்களைக் கடந்து கல்முனையை அடைவர். பள்ளிவாசலின் மினாராவும் கோயிலின் கோபுரமும் மாறிமாறித் தோன்றும் அக்கரையிலே 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் புகுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று இடிபாடுகளிடையே உயிரோடு கண்டெடுக்கப்பட்ட பச்சிளங் குழந்தை ஒன்று கல்முனையிலுள்ள வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டது. அன்று சேர்க்கப்பட்டோருள் அது 81ஆவதாக இருந்தமையால், 'எண்பத்தோராம் இலக்கக் குழந்தை' என்றே உலகம் அதனை அழைத்தது.

ஒன்பது தம்பதியர் அக்குழந்தைக்கு உரிமை கோருகின்றனர் என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதின. ஆயினும், முறைப்படி நீதிமன்றத்தின் படியேறியவர் ஒரே தம்பதியர்தாம். குழந்தையை வைத்தியசாலையின் பொறுப்பில் வைத்த கல்முனை நீதிமன்றம், மரபணுச் சோதனைக்கு ஆணையிட்டது. 2005ஆம் ஆண்டு பெப்ரவரியில் முடிவு வெளிவந்தது. ஏறக்குறைய ஏழு வாரம் பிரிந்திருந்த குழந்தை பெற்ற தாயின் மடியைச் சேர்ந்தது.

இவ்வழக்கைக் கேட்டோருக்கெல்லாம் சுலைமான் நபியின் தீர்ப்பு நினைவுக்கு வந்திருக்கும். இரு பெண்களுள் ஒருத்தியின் பிள்ளையை ஓநாய் கொண்டு போயிற்று. எஞ்சிய பிள்ளை தன்னுடையதே என்று இருவரும் வாதாடினர். கத்தி கொண்டு வாருங்கள், பிள்ளையை இரண்டாகப் பிளந்து தருகிறேன் என்றார் சுலைமான் நபி. பிள்ளை அவளிடமே இருக்கட்டும் என்று பதறி விட்டுக்கொடுத்தவளே தாய் எனத் தீர்ப்பாயிற்று. அங்கே தாயன்பு சாட்சி சொன்னது; கல்முனையிலே விஞ்ஞானம் சாட்சி சொன்னது. இரண்டிலும் குழந்தையை வேண்டி நிற்கும் கைகள் இருந்தன.

ஆனால், நேயர்களே, வேண்டுவாரற்ற குழந்தையின் வழக்கு எங்கே விசாரிக்கப்படுகிறது? பிறவாத குழந்தை, வாய்திறந்து அழவும் இயலாத குழந்தை, தாயின் வயிற்றிலேயே வழக்காகிவிடும்போது அதற்காகப் பேசுவார் யார்? அதனைச் சுமக்கும் பெண்ணுக்காகப் பேசுவார் யார்? கருக்கலைப்பு என்னும் இவ்வினாவிலே சட்டமும் சமயமும் குடும்பமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இம்மோதல் நம் காலத்துக்கே உரியதன்று. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே அது நீதிமன்றம் ஏறியிருக்கிறது.

ஹுதைல் குலத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டனர். அவ்விருவரும் ஒருவனுக்கே மனைவியர் என்றும் அறிவிப்புண்டு. ஒருத்தி எறிந்த கல் மற்றவளின் வயிற்றிற் பட்டது. அவள் கருவுற்றிருந்தாள். கரு சிதைந்தது, அவளும் மாண்டாள். வழக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. மாண்ட பெண்ணுக்கான உயிரீட்டைக் குற்றவாளியின் உறவினர் செலுத்துதல் வேண்டும் என்றும், அதனின் வேறாகக் கருவுக்கும் தனியே ஈடு செலுத்துதல் வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. உடனே குற்றவாளியின் உறவினன் ஒருவன் எழுந்தான். உண்ணாத, பருகாத, பேசாத, அழாத ஒன்றுக்கு ஈடு எவ்வாறு செலுத்துவது என்று எதுகை மோனையோடு வாதாடினான். குறிசொல்வோரின் அடுக்குச் சொல்லைப் போலப் பேசுகிறான் என்று பெருமானார் அவனைக் கண்டித்தார்கள். தீர்ப்பு மாறவில்லை.

அழகிய சொல்லால் ஓர் உயிரின் பெறுமதியை மறைத்துவிட முடியாது என்பது இவ்வழக்கின் பாடம். பிற்காலச் சட்ட அறிஞர் அவ்வீட்டை முழு உயிரீட்டின் இருபதில் ஒரு பங்காகக் கணித்தனர். முழு ஈடு 100 ஒட்டகம் எனின், கருவுக்கு 5 ஒட்டகம். கரு உயிரோடு வெளிவந்து பின்னர் இறந்தால் முழு ஈடும் கடமையாகும். கரு பிறந்த மனிதருக்குச் சமமாகவும் வைக்கப்படவில்லை, ஒன்றுமில்லாததாகவும் தள்ளப்படவில்லை. இடைப்பட்ட ஒரு மதிப்பு அதற்கு உண்டு என்பதே அத்தீர்ப்பின் நுட்பம்.

கலீபா உமர் (ரழி) அவர்களின் காலத்திலே இத்தகைய வழக்கொன்று மீண்டும் வந்தது. அடிபட்டுக் கருச்சிதைவுற்ற பெண்ணுக்கு என்ன தீர்ப்பு என்று அவர் சபையோரைக் கேட்டார். பெரும் நாட்டை ஆண்டவர், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சபை நடுவே ஒப்புக்கொண்டார். முகீரா என்பவர் எழுந்து பெருமானாரின் தீர்ப்பை எடுத்துரைத்தார். உமர் அத்துடன் அமைதியுறவில்லை. இன்னொரு சாட்சி வேண்டும் என்றார். முகம்மது இப்னு மஸ்லமா சாட்சி கூறிய பின்னரே தீர்ப்பளித்தார். கருவின் வழக்கில் அவசரமும் அறியாமையும் கூடா என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அவசரம் எவ்வளவு கொடியது என்பதை மற்றொரு வழக்குக் காட்டும். மணமாகி ஆறு மாதத்தில் ஒரு பெண் பிள்ளை பெற்றாள். குடும்பத்தில் ஐயம் எழுந்தது, ஐயம் வழக்காயிற்று, வழக்குத் தண்டனையில் முடிந்தது. அப்பொழுது அலீ (ரழி) அவர்கள் திருக்குர்ஆனின் இரு வசனங்களை இணைத்துக் காட்டினார்கள். சுமத்தலும் பால்மறத்தலும் சேர்ந்து முப்பது மாதம் என்கிறது ஒன்று. பாலூட்டல் இரண்டு ஆண்டு என்கிறது மற்றொன்று. முப்பதில் இருபத்து நான்கு போக எஞ்சுவது ஆறு. ஆகவே ஆறு மாதத்திற் பிள்ளை பிறத்தல் இயலும், அப்பெண் குற்றமற்றவள். இவ்வழக்கு உமர் காலத்தது என்றும் உஸ்மான் காலத்தது என்றும் இருவகையாக அறிவிக்கப்படுகிறது. ஓர் அறிவிப்பிலே அவள் விடுதலை பெற்றாள். மற்றோர் அறிவிப்பிலே, தண்டனையை நிறுத்தச் சென்ற தூதன் சேருமுன்னரே அது நிறைவேறிவிட்டது. கணக்கொன்று சற்றுப் பிந்தியதனால் ஓர் உயிர் போயிற்று!

கருவின் வளர்ச்சியைப் பற்றிய நபிமொழி ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, 120ஆம் நாளில் உயிர் ஊதப்படுகிறது என்று சட்ட அறிஞர் பெரும்பாலார் கொண்டனர். 120 நாளின் பின்னர்க் கருவைக் கலைத்தல் விலக்கப்பட்டது என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபட்டன. அதற்கு முற்பட்ட காலத்தைப் பற்றியே கருத்து வேறுபட்டது. மாலிக்கி அறிஞர் தொடக்கத்திலிருந்தே விலக்கினர். ஹனபி அறிஞர் பலர் தக்க காரணம் இருப்பின் இடங்கொடுத்தனர். இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலோ இரு சாராரும் இருந்தனர். இமாம் கஸ்ஸாலி அவர்கள் கருவைக் கலைப்பது உருவாகிவிட்ட ஒன்றன்மேற் செய்யும் குற்றமென்றும், கரு வளரவளர அக்குற்றமும் வளரும் என்றும் கருதினார்கள்.

தாயின் உயிருக்கே ஆபத்து நேருமாயின் என் செய்வது? தாய் வேர்; சிசு கிளை. கிளையைக் காக்க வேரை வெட்டுதல் ஆகாது என்னும் நியாயத்தாலும், இரு தீங்குகளுள் சிறியதை ஏற்றுப் பெரியதைத் தவிர்த்தல் என்னும் விதியாலும், எந்த மாதத்திலும் தாயைக் காக்கலாம் என இக்கால அறிஞர் பெரும்பாலார் கூறுவர். கடுமையான அங்கக் குறைபாடு நம்பத்தகுந்த வைத்தியர் குழுவால் உறுதிப்படுத்தப்படின், 120 நாளுக்குள் பெற்றோரின் வேண்டுகோளின்படி கருவைக் கலைக்கலாம் என்று 1990ஆம் ஆண்டு மக்காவிற் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் சட்ட அறிஞர் சபை முடிவு செய்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளின் சட்டங்களும் ஒருதன்மையன அல்ல. தூனிசியா 1973ஆம் ஆண்டிலேயே முதல் மூன்று மாதத்துக்கு இடமளித்தது. வேறு பல நாடுகள் தாயின் உயிரைக் காப்பதற்கன்றி எதற்கும் இடமளிக்கவில்லை.

இனி இலங்கையின் சட்டத்துக்கு வருவோம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் நாட்டை ஆள்கிறது. அதன் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடன்றிக் கருவைக் கலைப்பவர்க்கு மூன்று ஆண்டுவரை சிறை. சிசு வயிற்றில் அசையத் தொடங்கிய பின்னராயின் ஏழு ஆண்டுவரை. தானே தன் கருவைக் கலைக்கும் பெண்ணும் இப்பிரிவுக்கு உட்பட்டவளே. பெண்ணின் சம்மதமின்றிக் கலைப்பவர்க்கு இருபது ஆண்டுவரை தண்டனை உண்டு. வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்ற சிறுமிக்கோ, உறவினனாற் கெடுக்கப்பட்டவளுக்கோ, பிழைக்கவியலாத சிசுவைச் சுமப்பவளுக்கோ அச்சட்டத்தில் வேறு வழி சொல்லப்படவில்லை.

இச்சட்டம் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவியது. ஆட்சியாளராயிருந்த இங்கிலாந்து 1967ஆம் ஆண்டிலே தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது. இந்தியா 1971ஆம் ஆண்டிலே மாற்றிக்கொண்டது. இலங்கையில் 1995ஆம் ஆண்டு ஒரு முயற்சி நடைபெற்றது. பாராளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பினால் கருக்கலைப்புப் பற்றிய பகுதி கைவிடப்பட்டது. 2017ஆம் ஆண்டிலே வன்புணர்ச்சி, முறைதகா உறவு, பதினாறு வயதுக்குட்பட்ட சிறுமியின் கருப்பம், சிசுவின் கடுங்குறைபாடு என்னும் நிலைகளுக்காக மீண்டும் ஒரு திருத்தம் முன்வைக்கப்பட்டது. கத்தோலிக்க ஆயர்கள் முதலான சமயத் தலைவர்களின் ஆட்சேபத்தால் அதுவும் நின்றுபோயிற்று.

சட்டம் கடுமையாக இருப்பதனாற் குற்றம் இல்லாதொழிந்ததா? 1990களின் இறுதியிற் செய்யப்பட்ட மதிப்பீடு ஒன்று, இலங்கையில் நாளொன்றுக்கு 650க்கு மேற்பட்ட கருக்கலைப்புகள் நிகழ்வதாகக் கணித்தது. அவற்றை நாடியோருள் பெரும்பாலார் மணமான பெண்கள். வழிதவறிய கன்னியரே இதனை நாடுவர் என்னும் பொது எண்ணம் எவ்வளவு பிழையானது! மூன்று பிள்ளைகளைப் பெற்று நான்காவதைத் தாங்கவியலாத தாயும், கடல்கடந்த நாட்டில் வேலைக்குச் செல்ல நாள் குறித்துவிட்ட மனைவியுமே இருட்டறையின் கதவைத் தட்டுவோருட் பலர்.

பிறநாட்டு நீதிமன்றங்களில் நிகழ்ந்த இரு வழக்குகள் ஈண்டுக் கருதத்தக்கன. 1938ஆம் ஆண்டு இலண்டனிலே பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி படைவீரர்களாற் கெடுக்கப்பட்டுக் கருவுற்றாள். அலெக் போர்ன் என்னும் பேர்பெற்ற வைத்தியர் பணம் வாங்காது அவளுக்குச் சிகிச்சை செய்தார். பின்னர்த் தாமே காவற்றுறைக்கு அறிவித்து வழக்கை எதிர்கொண்டார். உயிரைக் காத்தல் என்பது சாவிலிருந்து காத்தல் மாத்திரமன்று, உடலும் உள்ளமும் சிதைந்துபோகாமற் காத்தலும் அதனுள் அடங்கும் என நீதிபதி மக்னாட்டன் சட்டத்தை விளக்கினார். ஜூரிமார் வைத்தியரை விடுவித்தனர். கருக்கலைப்பு உரிமையின் முன்னோடி என்று அவரைப் பலர் கொண்டாடினர். ஆயினும், 1966ஆம் ஆண்டளவில், பிறவாத குழந்தைகளைக் காக்கும் சங்கமொன்றின் தொடக்க உறுப்பினராக அவ்வைத்தியரே இருந்தார். கெடுக்கப்பட்ட சிறுமிக்காகச் சிறை செல்லவும் துணிந்தவர், வரம்பின்றிக் கருவைக் கலைப்பதை ஏற்கவில்லை. இவ்விரண்டும் ஒருவர் நெஞ்சில் ஒருங்கே இருக்கக்கூடும்.

இரண்டாவது வழக்கு 2023ஆம் ஆண்டு ஒக்தோபரிலே இந்திய உச்ச நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. இரு பிள்ளைகளின் தாய் ஒருத்தி, பேற்றுக்குப் பிந்திய மனநோயினால் வருந்தியவள், மூன்றாவது கருவைக் கலைக்க அனுமதி கோரினாள். கரு 26 வாரத்தை எட்டியிருந்தது. சட்டம் இடமளித்ததோ 24 வாரம்வரை. பெண் நீதிபதிகள் இருவர் முதலில் அனுமதித்தனர். சிசு உயிர்வாழும் நிலையில் உள்ளது, அதன் இதயத்துடிப்பை நிறுத்துவதா என்று வைத்தியர் ஒருவர் வினவியபோது, அவ்விரு நீதிபதியருமே கருத்து வேறுபட்டனர். ஒருவர் தம் மனச்சான்று இடந்தரவில்லை என்றார். மற்றவர் தாயின் முடிவை மதித்தல் வேண்டும் என்றார். ஒக்தோபர் 16ஆம் நாள் மூன்று நீதிபதிகளைக் கொண்ட அமர்வு அனுமதி மறுத்தது. பேற்றின் செலவை அரசு ஏற்கும் என்றும், பெற்றோர் விரும்பின் குழந்தையைத் தத்துக்கொடுக்கலாம் என்றும் கூறிற்று. அத்தாய் பிழை செய்தவள் என்று எந்நீதிபதியும் கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இத்தகைய வழக்குகள் அம்பாறைக் கரையின் இல்லங்களுக்குள்ளும் நாள்தோறும் விசாரிக்கப்படுகின்றன. அங்கே நீதிபதி ஆசனம் இல்லை, பதிவேடு இல்லை, மேன்முறையீடு இல்லை. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே குடிவழி தாய்வழியாகச் செல்லும். மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு வரவழைப்பது மரபு. ஆகவே மகளுக்கு நேரும் எதுவும் உம்மாவின் கூரையின் கீழேயே நேர்கிறது. இது பெண்ணுக்குப் பெரும் பாதுகாப்பு. தவறினால் பெருஞ் சிறையும் ஆகும். உண்மையை முதலில் அறிபவள் உம்மா. அவள் வாப்பாவுக்கு அஞ்சுகிறாள்; வாப்பா காக்காமாருக்கும் குடிப் பெரியோருக்கும் அஞ்சுகிறார்; எல்லாரும் ஊர் வாய்க்கு அஞ்சுகின்றனர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. அதனை மூடுவதற்கு மகளின் உயிரைப் பணயமாக வைக்கலாகுமா?

அவ்வச்சத்தினாற் பிறக்கும் முடிவுகள் மூன்று. ஒன்று, இரகசியமாகக் கலைத்தல். இரண்டு, கெடுத்தவனுக்கே அவசரமாக மணமுடித்து வைத்தல். மூன்று, பெண்ணை வேற்றூருக்கு அனுப்பி மறைத்தல். இம்மூன்றிலும் கேட்கப்படாத வினா ஒன்றே: அவள் என்ன சொல்கிறாள்? சுலைமான் நபி இரு பெண்களையும் பேசவிட்டார். உமர் சபையைக் கேட்டார். குடும்பத்தின் மன்றத்திலோ வழக்குக்குரியவளின் வாய் முதலில் அடைக்கப்படுகிறது.

குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகள் உண்டு. கருக்கலைப்புக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் காதி நீதிமன்றத்துக்கு இல்லை; அது குற்றவியல் நீதிமன்றத்துக்குரியது. ஆனால் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி, விவாகரத்தின்போது கருவுற்றிருக்கும் மனைவி பிள்ளை பெறும்வரை தாபரிப்புக் கோரலாம். பிள்ளைப்பேற்றுச் செலவையும் கோரலாம். கைவிட்ட கணவனின் மேலுள்ள கோபத்திலும் வறுமையின் அச்சத்திலும் கருவைக் கலைக்க ஓடும் பெண்களுள், இவ்வுரிமையை அறிந்தவர் எத்தனை பேர்?

இன்னொன்று: கருச்சிதைவினாலோ கருக்கலைப்பினாலோ குருதிப்பெருக்கும் காய்ச்சலும் கண்ட பெண்ணுக்குச் சிகிச்சை அளிப்பது குற்றமன்று, அது வைத்தியரின் கடமை. வழக்குக்கு அஞ்சி அவளை வீட்டிலே மறைத்து வைப்பதுதான் உயிருக்கு உலை வைப்பது. ஒரு மணிநேரத் தாமதமும் தாயற்ற பிள்ளைகளை உண்டாக்கிவிடும். பதினாறு வயதுக்குட்பட்ட சிறுமி கருவுற்றாளாயின், மணநாளைத் தேடுமுன் வைத்தியரையும் காவற்றுறையையும் தேடுதல் வேண்டும். நாளைக் கணக்கிடுவதும் முக்கியம். 40 நாள், 120 நாள் என்று மார்க்க அறிஞர் வகுத்த எல்லைகளும் வைத்தியர் வகுத்த வாரக் கணக்கும், மறைத்து வைக்கும் குடும்பத்துக்குப் பயன்படா. அஞ்சி ஒளிக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு கதவை மூடிக்கொண்டே போகிறது.

நாட்டின் பொறுப்புடையோர்க்கும் ஒரு கடமை உண்டு. உலமாக்களும் வைத்தியர்களும் சட்ட அறிஞர்களும் தத்தம் மன்றங்களில் தனித்தனியே பேசினால் வழி பிறவாது. ஒரே சபையில் அமர்ந்து, பெண்களையும் அச்சபையில் அமர்த்தி, கெடுக்கப்பட்ட சிறுமிக்கும் பிழைக்கவியலாத சிசுவைச் சுமப்பவளுக்கும் மார்க்கமும் மனிதாபிமானமும் எவ்வளவு இடந்தருகின்றன என்று ஆராய்தல் வேண்டும். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் கலீபா உமர் செய்தது அதுவே. தெரியாததைக் கேட்டார், ஒரு சாட்சி போதாதென்று மற்றொன்றையும் கேட்டார், பின்னரே தீர்ப்பளித்தார்.

கல்முனை நீதிமன்றம் ஒரு குழந்தையின் தாய் யார் என்று அறிவதற்கு ஏழு வாரம் பொறுத்திருந்தது. அப்பொறுமையில் ஒரு பங்கேனும், பிறவாத குழந்தையின் வழக்கையும் அதனைச் சுமக்கும் மகளின் வழக்கையும் விசாரிக்கும் இல்லத்துக்கு வேண்டும். மகள் நடுங்கிக்கொண்டு வந்து நிற்கும் அவ்வேளையிலே, உம்மாவின் வாயிலிருந்து வரும் முதற்சொல் சினச்சொல்லாக இராதிருக்குமாயின், வழக்கின் பாதி அன்றே தீர்ந்துவிடும்.